‘என் கையில் இல்லை’ என்று எழுதிவிட்டு அம்மாவை விட்டு விலகி வந்துவிட்டேன்: இதுதான் ஸ்டோயிக் தத்துவமா?

நீலநோட்டு கேட்கிறார்:

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் என் வேலை போனது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், 12 நிமிட வீடியோ அழைப்பில் முடித்துவிட்டார்கள். அடுத்த நான்கு மாதங்கள் எனக்குத் தூக்கமே இல்லை. படுத்தால் அந்த 12 நிமிடங்கள் மறுபடி மறுபடி ஓடும். நான் என்ன பதில் சொல்லியிருக்கலாம், யாரை எப்படிக் கேட்டிருக்கலாம் என்று விடியும்வரை மனதுக்குள் வாதாடிக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் எபிக்டீடஸைப் பற்றி ஒரு சின்ன வீடியோ கண்ணில் பட்டது. ஸ்டோயிக் தத்துவவாதி, ரோமானியர் காலத்தில் அடிமையாக இருந்தவர், கால் ஊனமானவர், பின்னால் பெரிய ஆசிரியர் ஆனவர். நம் கையில் இருப்பவை சில, இல்லாதவை சில, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் துன்பத்தின் வேர் என்கிறார். தன் உடம்பைக்கூடத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாத நிலையில் வாழ்ந்த ஒருவர் இதைச் சொல்கிறார் என்பது என்னை உலுக்கியது.

ஒரு நீல நிற நோட்டு வாங்கினேன். தினமும் இரவு ஒரு பக்கத்தின் நடுவில் கோடு போடுவேன். இடது பக்கம் ‘என் கையில்’, வலது பக்கம் ‘என் கையில் இல்லை’. அன்றைக்கு மனதை அரித்ததையெல்லாம் பிரித்து எழுதுவேன். உண்மையாகச் சொல்கிறேன், அது எனக்குப் பெரிய உதவி செய்தது. மூன்று வாரத்தில் தூக்கம் வந்தது. வேறு வேலை கிடைத்த பிறகும் நான் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இதுவரை ஆறு நோட்டுகள் நிரம்பியிருக்கின்றன.

இந்த வருடத் தொடக்கத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. 19 நாள் மருத்துவமனையில் இருந்தார். முதல் மூன்று நாள் நானும் அக்காவும் ஐசியூ வாசலிலேயே இருந்தோம். எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் இரவு வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். வலது பக்கத்தில் ‘அம்மாவின் உடல்நிலை’ என்று எழுதினேன். எழுதி முடித்ததும் நடுக்கம் நின்றது. அவ்வளவு நிம்மதியாக இருந்தது. மறுநாள் காலை வேலைக்குப் போய்விட்டேன். டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், நான் அங்கே உட்கார்ந்திருப்பதால் எதுவும் மாறப்போவதில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த 15 நாளில் நான்கு தடவைதான் போனேன். ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரத்துக்குள் கிளம்பிவிட்டேன். அக்கா மட்டும் 19 இரவும் ஒரு நாற்காலியில் தூங்கியிருக்கிறாள்.

அம்மா பிழைத்துவிட்டார். வலது கை சரியாக வேலை செய்யவில்லை, பேச்சு குழறுகிறது. வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் அக்காவிடம், “எவ்வளவு பெரிய சோதனை, ஆனா நான் அமைதியா இருந்தேன் பார்த்தியா” என்றேன். அவளை ஆறுதல்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னேன்.

அவள், “நீ அமைதியா இல்ல. நீ அங்க இல்லவே இல்ல” என்றாள். அப்புறம், “ஆறாவது நாள் அம்மாவுக்குக் கொஞ்சம் பேச்சு வந்துச்சு. முதல்ல கேட்டது ‘அவன் எங்க’ன்னுதான்” என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் அவசியத்துக்கு மட்டும்தான் பேசுகிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் இதுவரை ஒரு தடவைகூட அழவில்லை. ஆனால் தினமும் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. நெஞ்சு படபடக்கிறது. தாடையை இறுகக் கடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறேன் என்பது வலியில் தெரிகிறது.

என் கேள்வி இதுதான். நான் இந்தத் தத்துவத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டேனா? அல்லது சரியாகப் புரிந்துகொண்டால் மனிதன் இப்படித்தான் ஆவானா? நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

•

முகில் எழுதுகிறார்:

நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. எல்லோருக்கும் துக்கத்தைத் தாங்கும் வழி வேறு வேறு. நீங்கள் பதறியிருந்தால் அம்மாவுக்கு என்ன லாபம்? அக்கா களைப்பில் பேசியிருப்பார், காலப்போக்கில் சரியாகிவிடும். உங்கள் மன உறுதியை விட்டுவிடாதீர்கள்.

•

பழைய வாசகன் எழுதுகிறார்:

முகில் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நண்பரே, உங்களை நோகடிக்க எழுதவில்லை. இதே பள்ளத்தில் நானும் விழுந்து எழுந்தவன் என்பதால் நேராகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு எபிக்டீடஸே பதில் சொல்லியிருக்கிறார். அவருடைய மாணவர் அரியன் எழுதி வைத்த உரைகளில், முதல் புத்தகத்தில் ஓர் உரையாடல் வருகிறது. ஓர் அரசு அதிகாரி அவரைப் பார்க்க வருகிறார். வீடு, மனைவி, பிள்ளைகள் எல்லாம் எப்படி என்று பேச்சு போகிறது. அதிகாரி சொல்கிறார்: என் சின்ன மகளுக்கு உடம்பு மிகவும் மோசமாகிவிட்டது, என்னால் பார்த்துத் தாங்க முடியவில்லை, வீட்டை விட்டே ஓடிவிட்டேன், குணமாகிவிட்டாள் என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் திரும்பினேன். அது சரியா என்று எபிக்டீடஸ் கேட்கிறார். பாசமுள்ள தகப்பன் அப்படித்தான் செய்வான் என்கிறார் அவர்.

எபிக்டீடஸ் அவரைத் திட்டவில்லை. கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே போகிறார். அந்தப் பிள்ளையின் தாய்க்குப் பாசம் இல்லையா? வளர்த்தவளுக்கு இல்லையா? அவர்களும் பாசத்தால் ஓடியிருக்க வேண்டுமா? அப்படியானால் அந்தக் குழந்தை, தன் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் இருந்தும், ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லாமல் கிடந்திருக்கும் அல்லவா? நீங்கள் நோயில் விழுந்தால், உங்கள் மேல் அன்பு வைத்தவர்கள் இப்படித் தனியாக விட்டுவிட்டுப் போகும் அளவுக்கு அன்பு வைக்க வேண்டும் என்று ஆசைப்படுவீர்களா?

முதல்முறை இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் மகனுக்கு மூன்று வயதில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. அந்த ஆறு மணி நேரமும் நான் மருத்துவமனையைச் சுற்றியிருந்த தெருக்களில் நடந்துகொண்டிருந்தேன். என் மனைவி அந்தக் கதவுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். என் கையில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு நானும்தான் சொல்லிக்கொண்டேன்.

அந்த அதிகாரி தாங்க முடியாமல் ஓடினார். நீங்கள் எதையும் தாங்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனீர்கள். காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் இரண்டு இடத்திலும் நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன். அதில் நீங்கள் எழுதிய வரி தப்பில்லை. அம்மாவின் உடல்நிலை உங்கள் கையில் இல்லைதான். ஆனால் அன்றைக்கு இடது பக்கத்தில் என்ன எழுதினீர்கள்? நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. ஒன்றும் எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன். எபிக்டீடஸ் கொடுக்கும் பட்டியலில் உடல், சொத்து, பெயர், பதவி இவையெல்லாம் நம் கையில் இல்லாதவை. நம் கையில் இருப்பவை என்று அவர் சொல்வதில் நம் கருத்துகள் வருகின்றன, விருப்பு வெறுப்பு வருகிறது. அவற்றோடு, ஒரு செயலில் இறங்கத் தூண்டும் உந்துதலும் வருகிறது. அதைத்தான் வீடியோக்கள் விட்டுவிடுகின்றன. அம்மா பிழைப்பாரா என்பது வலது பக்கம். அம்மா கண் திறக்கும்போது நான் அங்கே இருப்பேனா என்பது இடது பக்கம். அதே வாக்கியத்தின் இன்னொரு பாதி அது. அக்காவை ஓர் இரவு வீட்டுக்கு அனுப்பித் தூங்க வைப்பதும் இடது பக்கம்தான்.

மூன்றாவது புத்தகத்தில் இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறார். சிலையைப் போல உணர்ச்சியில்லாமல் நான் இருக்கக் கூடாது, மகனாக, சகோதரனாக, தந்தையாக, குடிமகனாக என் உறவுகளை நான் காப்பாற்ற வேண்டும் என்கிறார். சிலை என்ற சொல் என்னுடையது இல்லை, அவர் சொன்னது. ஒரு மனிதன் யார் யாருக்கு என்னவாக இருக்கிறான் என்பதிலிருந்துதான் அவனுடைய கடமைகளை அவர் கணக்கிடுகிறார். இந்தப் பள்ளியின் பெயரையே பாருங்கள். ஸ்டோவா என்றால் தூண்கள் நிறைந்த நடைமண்டபம். கி.மு. 300 வாக்கில், இந்தப் பள்ளியைத் தொடங்கிய ஜீனோ ஏதென்ஸில் சந்தைவெளியின் ஓரத்தில் இருந்த ஒரு மண்டபத்தில்தான் பேசினார், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில். தள்ளிப் போய் நின்றுகொள்வது அவர்கள் வழி இல்லை.

அழுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்கள் தாடை வலி எனக்குக் கவலையாக இருக்கிறது. ஆலஸ் ஜெல்லியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் ஒரு கடல் பயணத்தை எழுதியிருக்கிறார். இரவு முழுக்கப் புயல். கப்பலில் ஏதென்ஸைச் சேர்ந்த பேர்போன ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார். எல்லோரும் அலறும்போது இவர் எப்படி இருக்கிறார் என்று ஜெல்லியஸ் கவனிக்கிறார். அவர் அலறவில்லை, ஆனால் மற்றவர்களைப் போலவே முகம் வெளுத்துப்போயிருக்கிறது. புயல் ஓய்ந்ததும் பக்கத்தில் போய்க் காரணம் கேட்கிறார். அந்த ஆசிரியர் பையிலிருந்து எபிக்டீடஸின் உரைகளில் ஐந்தாம் புத்தகத்தை எடுத்துக் காட்டுகிறார். திடீர் ஆபத்தில் ஞானிக்கும் முகம் வெளுக்கும், மனம் ஒரு கணம் சுருங்கும், அது அறிவு வேலை செய்வதற்கு முன்னாலேயே வந்துவிடுகிற அசைவு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அதில் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு மனம் ‘ஆமாம்’ சொல்லி ஒப்புதல் கொடுக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். (அந்த ஐந்தாம் புத்தகம் இன்று நம்மிடம் இல்லை. நான்குதான் மிஞ்சியிருக்கின்றன. ஜெல்லியஸ் அந்தப் புயலை எழுதி வைத்ததால் இந்தத் துண்டு தப்பித்தது. எனக்கு இது ஒவ்வொரு தடவையும் பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது.)

ஐசியூ வாசலில் உங்களுக்குக் கை நடுங்கியதே, அதுதான் அந்த வெளுத்த முகம். அது உங்கள் தோல்வி இல்லை. நோட்டை வைத்து நீங்கள் நிறுத்தியது அந்த நடுக்கத்தைத்தான். அதை நிறுத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நடுக்கத்தோடேயே அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

•

வட்டம் எழுதுகிறார்:

பழைய வாசகன் எழுதியது அழகாக இருக்கிறது, ஆனால் ஸ்டோயிக்குகளைக் கொஞ்சம் மென்மையாக்கிக் காட்டுகிறார் என்று நினைக்கிறேன். குழந்தையை முத்தமிடும்போது ‘இது சாகக்கூடிய உயிர்’ என்று உனக்கே சொல்லிக்கொள் என்பதும் அதே எபிக்டீடஸ்தான். அழுகிறவனைப் பார்த்தால் ஆறுதல் சொல், தேவையானால் அவனோடு சேர்ந்து முனகவும் செய், ஆனால் உள்ளுக்குள் முனகிவிடாதே என்றும் சொல்கிறார். இதைப் படித்து ஒருவர் உள்ளே பூட்டுப் போட்டுக்கொண்டால் படித்தவரை மட்டும் குறை சொல்ல முடியுமா? கேள்வி கேட்டவர் சோம்பேறியாக இருந்து தவறவில்லை, மூன்று வருடம் ஒழுங்காகப் பயிற்சி செய்துதான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்.

•

பழைய வாசகன் எழுதுகிறார்:

நியாயமான கேள்வி. ‘உள்ளுக்குள் முனகாதே’ என்ற இடத்தில் நான் எபிக்டீடஸோடு போவதில்லை. பல வருடம் முயன்று பார்த்து விட்டுவிட்டேன். முத்தமிடும் வரியை மட்டும் இன்றும் வைத்திருக்கிறேன். என் மகன் சாகக்கூடியவன் என்று நினைக்கும் நாட்களில் போனைக் கீழே வைத்துவிட்டு அவன் பேசுவதைக் கேட்கிறேன், அவ்வளவுதான் எனக்கு அதன் பயன்.

துக்கத்தில் எனக்குத் துணை இன்னொரு ஸ்டோயிக்கான ரோமானிய எழுத்தாளர் செனெக்கா. லூசிலியஸ் என்பவரின் நண்பர் ஃபிளாக்கஸ் இறந்தபோது அந்த லூசிலியஸுக்கு எழுதிய கடிதத்தில், கண் வறண்டும் இருக்க வேண்டாம், பெருக்கெடுத்தும் ஓட வேண்டாம் என்கிறார். அப்படிச் சொல்லிவிட்டு, தன் அருமை நண்பன் செரேனஸ் போனபோது தான் அளவே இல்லாமல் அழுததையும் அதே கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார். இத்தனை வருடம் தத்துவம் பேசியவர், துக்கத்திடம் தோற்றவர்களில் தானும் ஒருவன் என்று எழுதுகிறார். அதற்காகவே நான் அவரை நம்புகிறேன்.

•

இரவுப்பணி எழுதுகிறார்:

நான் பக்கவாத நோயாளிகளுக்கான வார்டில் நர்ஸாக இருக்கிறேன். தத்துவம் அதிகம் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அதிகாலை விழிப்பு. உணர்ச்சியை மாற்றிப் பார்ப்பது ஒன்று, அமுக்கி வைப்பது இன்னொன்று. 1990களில் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் சிலருக்கு மனதைக் கலக்கும் படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும் முகத்தில் எதையும் காட்டாதீர்கள் என்றார்கள். அவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள், ஆனால் உள்ளே இருந்த வருத்தம் குறையவில்லை. உடம்புக்குள் அழுத்தத்தின் அறிகுறிகள் கூடத்தான் செய்தன. உங்கள் தாடையும் நெஞ்சுப் படபடப்பும் எனக்கு அதைத்தான் நினைவுபடுத்துகின்றன. இப்படியே தொடர்ந்தால் ஒரு மனநல ஆலோசகரைப் போய்ப் பாருங்கள், ஒரு டாக்டரிடம் இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இதில் தயக்கம் வேண்டாம். ஆல்பர்ட் எல்லிஸும் ஏரன் பெக்கும் உருவாக்கிய சிகிச்சை முறைகளுக்கு வேர் ஸ்டோயிக்குகளிடம் இருக்கிறது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஆலோசகர் எனக்குச் சொன்னது இது. ஆகவே நீங்கள் அங்கே போவது உங்கள் வழியை விட்டு விலகுவது ஆகாது.

இரண்டாவது, அம்மா. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக வரும். அதற்குப் பின்னும் வரும், மெதுவாக. கைக்குப் பயிற்சி என்பது ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான். அதைத் தனியாகச் செய்ய யாருக்கும் அலுத்துவிடும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எண்ணினால் செய்வார்கள். பேச்சு குழறும்போது நீங்கள் வாக்கியத்தை முடித்துக் கொடுக்காதீர்கள், அவர் முடிக்கும்வரை காத்திருங்கள். எங்கள் வார்டில் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் என்ன செய்வதென்று தெரியாமல்தான் அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களிடம் கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் இருந்துவிடுவார்கள். நீங்களும் அப்படித்தானோ என்று தோன்றியது.

•

நீலநோட்டு எழுதுகிறார்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முகில், நீங்கள் என்னைத் தேற்றத்தான் எழுதினீர்கள் என்று தெரியும்.

பழைய வாசகன் கேட்ட பிறகு அந்த நான்காம் நாள் பக்கத்தைத் தேடி எடுத்தேன். இடது பக்கம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது. அடுத்த 15 நாள் பக்கங்களையும் புரட்டினேன். இடது பக்கத்தில் அலுவலக வேலைகள் இருக்கின்றன, நடைப்பயிற்சி இருக்கிறது, அம்மா ஓர் இடத்தில்கூட இல்லை. அன்றைக்குத்தான் அழுதேன். ரொம்ப நேரம் அழுதேன்.

ஆலோசகரை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். மூன்று மணி விழிப்பு இன்னும் நிற்கவில்லை, ஆனால் தினமும் வருவதில்லை. இதயத்தில் குறை எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

இப்போது தினமும் மாலை அம்மாவோடு உட்காருகிறேன். வலது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு 10 தடவை. நான் எண்ணுகிறேன். ஏழுக்கு மேல் அவருக்குக் கோபம் வந்துவிடும், பந்தை என் மேலேயே தள்ளிவிடுவார். எடுத்துக் கொடுத்துவிட்டு எட்டு என்பேன். வாக்கியத்தை முடித்துக் கொடுக்காமல் காத்திருப்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருக்கிறது. ‘ஜன்னல்’ என்று அவர் சொல்லி முடிக்க முந்தாநாள் அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த அரை நிமிடமும் எனக்குக் கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் நானே, “அந்த 19 ராத்திரியும் என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சொல்லு, முதல்ல இருந்து” என்று கேட்டேன். வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். நான் குறுக்கே எதுவும் பேசவில்லை. ஒன்பதாவது இரவு வரைக்கும் வந்தாள். அதற்குள் அம்மாவுக்கு மாத்திரை நேரம் ஆகிவிட்டது. மீதியை இன்றைக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.